நான் உன் டீமுடி, மங்கை

வாங்க, உள்ள வாங்க. தண்ணிதானே? தர்றேன், தாராளமாத் தர்றேன். ஆனா ஒரு சொம்புத் தண்ணிக்காக யாரும் லிஃப்ட் ஏறி மூணாவது மாடிக்கு வரமாட்டாங்க. சிரிக்கிறீங்க பாத்தீங்களா! மாப்பிள்ளைக்கு அத்தைதானே நீங்க? எதிர் வீட்டு நம்பரை வாட்ச்மேன்கிட்டக் கேட்டுட்டு என் வீட்டு பெல்லை அடிச்சா எனக்குப் புரியாதாங்க? தப்பே இல்ல. பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல நாலு வார்த்தை விசாரிக்கிறது ஊரு உலகத்துல உள்ளதுதான். என் தங்கச்சிக்குப் பாத்தப்ப எங்கம்மா, மாப்பிள்ளை வீட்டுத் தெருவுல இஸ்திரி போடுறவர்கிட்டப் போயி விசாரிச்சாங்க. சட்டையப் பாத்தே ஆளைச் சொல்லிருவாருன்னு.

உக்காருங்க, ஃபேனுக்கு நேரா உக்காருங்க. இந்த வெயிலு மனுசனக் கொல்லுது. மத்தவங்க கார்ல பின்னாடி வர்றாங்களா? வரட்டும், பைய வரட்டும். ராகு காலத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு. அதுக்குள்ள ஒரு வாய் காபி குடிங்க. இந்தாங்க. சக்கரை சரியா இருக்கா?

சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கீங்க. யாமினியப் பெத்தவளுக்கு அடுத்தபடி அவளைத் தெரிஞ்சவ மதுரையில யாருன்னா, இந்த விசாலம்தான். பொண்ணு தங்கம்ங்க. சொக்கத் தங்கம். கையக் கட்டிக்கிட்டு நிப்பான்னு சொல்லமாட்டேன், எதிர்த்துப் பேசுவா, ஆனா நியாயத்தைத்தான் பேசுவா. சமையல் சுமார்தான். காலையில எந்திரிக்க நேரமாகும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லுவாங்க. என் வாயில ஒரு பொய் வராதுங்க. அதனாலதான் நான் நல்ல பொண்ணுன்னு சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு.

ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணணும் நீங்க. விசாரிச்சதை யாரும் பொண்ணு வீட்டுல சொல்லமாட்டாங்க, எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும். அங்க போயி கேசரியச் சாப்பிட்டுட்டு, எல்லாம் பேசி முடிச்சதும், மங்கைகிட்ட, அதான் யாமினி அம்மா, மங்கையர்க்கரசின்னு பேரு, அவகிட்ட சொல்லணும். 'எதிர் வீட்டு விசாலம் உங்க பொண்ணப் பத்தி வாய் நெறையச் சொன்னாங்க, அதைக் கேட்டுத்தான் எங்களுக்கு மனசு நெறஞ்சிச்சு'ன்னு. இந்த ஒத்த வார்த்தை போதும். ஏன்னா அவ என்கூடப் பேசி ஒரு வருசம் ஆச்சு. போன அக்னி நட்சத்திரத்துல நின்ன பேச்சு, இந்தா அடுத்த அக்னியே வந்திருச்சு.

சண்டையா? சண்டையே இல்லைங்க. சுட்டுட்டா.

ஐயோ, காபி சிந்திருச்சே, தொடச்சுக்கிறேன் விடுங்க. நெசத் துப்பாக்கி இல்ல. சாயத் துப்பாக்கி. பெயின்ட்பால்னு ஒண்ணு இருக்கே, பிள்ளைங்க விளையாடுறது. கோவக்காரக் குடும்பம்னு நினைச்சிராதீங்க. மங்கை மாதிரிப் பொறுமைசாலி கெடையாது. புருசன் போனப்ப யாமினிக்கு மூணு வயசு. ஒத்தப் பொம்பளையா நின்னு, ஸ்கூல்ல கிளார்க் வேலை பாத்து, இந்த வீட்டை வாங்கி, பொண்ண இன்ஜினியர் ஆக்கிட்டா. ஒருநாள் என்முன்னாடி அழுது நான் பாத்ததில்ல. அப்படிப்பட்டவ என்னைச் சுட்டா. ஏன் சுட்டான்னு ஒரு வருசமா யோசிக்கிறேன். நீங்க பெரியவங்க, நாலும் தெரிஞ்சவங்க. கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி எனக்கும் அவளுக்கும் என்ன உறவுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். எனக்குப் பிள்ளை இல்லைங்க. பாக்காத டாக்டர் இல்ல, போகாத கோயில் இல்ல. யாமினிதான் என்னைப் பெரியம்மான்னு கூப்பிட்டா. பேச்சு வந்த நாள்லருந்து பெரியம்மாதான். அவளுக்கு நாலு வயசு இருக்கும், அப்ப நாங்க எல்லாரும் அனுப்பானடியில ஒரே காம்பவுண்டுல குடியிருந்தோம். இதே மாதிரி கோடை. நடுமத்தியானம். மங்கை வேலைக்குப் போயிட்டா, பிள்ளை என்கிட்ட. காய்ச்சல் அனலா அடிக்குது. ஈரத்துணி போட்டுக்கிட்டே இருக்கேன், திடீர்னு கண்ணு மேல சொருகிருச்சுங்க. கையி காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. வாயில நுரை. வலிப்பு! எனக்கு உசுரே இல்ல. பீரோ சாவிய உருவி, அந்தச் சின்னக் கையில வச்சு அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனேன் பாருங்க. கால்ல செருப்பு இல்ல. தார் ரோடு. ஆட்டோக்காரன் ஒருத்தன் நிக்கல. ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியே போனேன். உள்ளங்கால் ரெண்டும் கொப்பளம். டாக்டரம்மா சொன்னாங்க, 'இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா சிரமம்மா'ன்னு. மங்கை வந்து என் ரெண்டு காலையும் கட்டிக்கிட்டா. 'இவ உன் பொண்ணு விசாலம், நான் சும்மா பெத்தேன்'னா. இந்த வார்த்தைய யாராச்சும் யார்கிட்டயாச்சும் சொல்லுவாங்களா?

குடிங்க, காபி ஆறுது.

என்ன கேட்டீங்க? அதுக்கப்புறமா? அதுக்கப்புறம் ஒரு தடவகூட வரலைங்க. காய்ச்சல்ல வர்றது எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான், அதெல்லாம் ஒரு வியாதியா? சுத்தமா இல்ல. அதாவது, எனக்குத் தெரிஞ்சு இல்ல. காலேஜுக்கு நாலு வருசம் கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருந்தா, அங்க நடந்தது நமக்கு எப்படித் தெரியும்? நான் கண்ணால பாத்ததைத்தான் சொல்லுவேன். பாக்காததைப் பாத்தேன்னு சொல்றவ நான் இல்ல.

சரி, அந்த நாளைச் சொல்றேன். நாங்க நாலு பேரு, வாக்கிங் செட்டு. நானு, மங்கை, ரெண்டாவது மாடி ஸ்டெல்லா டீச்சர், கீழ்வீட்டு ஜமீலா. போன வருசம் இதே மாசம் மங்கை மனசொடிஞ்சு கெடந்தா. யாமினிக்கு திண்டுக்கல்லுலருந்து ஒரு வரன் வந்துச்சு. நல்ல இடம். பொண்ணு பாத்து, பிடிச்சுப்போயி, பூ வைக்க நாள் குறிச்சாச்சு. சேலை எடுத்தாச்சு. திடீர்னு போன் பண்ணி, 'ஜாதகத்தை மறுபடி பாத்தோம், பொருந்தலை'ன்னுட்டாங்க. என்ன ஜாதகமோ என்ன எழவோ! முதல்ல பொருந்துனது ஒரு வாரத்துல பொருந்தாமப் போகுமா? யாமினி அந்தச் சேலைய எடுத்துட்டு வந்து என் மடியில போட்டு, 'நீங்க கட்டிக்கங்க பெரியம்மா'ன்னா. நான் ஓன்னு அழுதேன். அவ அழுகல.

அப்பத்தான் ஸ்டெல்லா மகன் கம்பெனியில இந்தக் கூப்பன் குடுத்தாங்க. நத்தம் ரோட்டுல ஒரு எடம், நாலு பேரு போயி சுட்டு விளையாடலாம். மருமக மாசமா இருக்கா, அவங்களால போக முடியல. 'வீணாப் போகுது, நம்ம செட்டு போவோம், மங்கைக்கும் மனசு மாறும்'னுட்டா ஸ்டெல்லா. நான் என்னத்தையோ சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கிறதுன்னு நினைச்சு ஒரு பழைய சேலையக் கட்டிக்கிட்டுப் போறேன். அங்க போனா, ராணுவத்துக்காரங்க மாதிரி ஒரு உடுப்பு, கழுத்துலருந்து கணுக்கால் வரைக்கும். சேலைய உள்ள சுருட்டி விட்டு மாட்டுனா, நான் மாசமா இருக்கிற மாதிரி வயிறு தள்ளி நிக்குது. ஜமீலா சிரிச்ச சிரிப்பு இருக்கே, தரையில உக்காந்துட்டா. மங்கையும் சிரிச்சா. பத்து நாளைக்கப்புறம் அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாக்குறேன். எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

துப்பாக்கி கொசு மருந்து அடிக்கிற மிஷின் மாதிரி இருக்கும். அதுக்கு மேல ஒரு டப்பா, அதுல நெல்லிக்காய் சைசுல குண்டு. பட்டா உடைஞ்சு சாயம் கொட்டும். அங்க இருந்த பயிற்சிக்காரத் தம்பி எல்லாம் விவரமாச் சொன்னாரு. முகமூடியக் கழட்டவே கூடாது, கண்ணு போயிரும். குண்டு பட்டவங்க கையத் தூக்கிட்டு வெளிய வந்துரணும். ரொம்பக் கிட்டப் போயிட்டா சுடக்கூடாது, காயமாயிரும், 'சரண்டர்'னு வாயால சொன்னாப் போதும். இதெல்லாம் மங்கையும்தான் கேட்டா. என் பக்கத்துல நின்னு, தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டா.

நானும் அவளும் ஒரு டீமு. கையில நீலப் பட்டி. ஸ்டெல்லாவும் ஜமீலாவும் சிவப்பு. அந்த வெயிலச் சொல்லணுமே, ஆத்தாடி! பழைய டயரா அடுக்கி வச்சிருக்காங்க, தொட்டா கையி பழுத்துப் போகுது. உடுப்புக்குள்ள வேர்வை ஆறா ஓடுது. முகமூடிக்குள்ள நம்ம மூச்சே நமக்கு ஆவி புடிக்கிற மாதிரி அடிக்குது. ஸ்டெல்லா ஒவ்வொரு தடவை சுடுறதுக்கு முன்னாடியும் 'ஆண்டவரே மன்னியும்'னு சொல்றா, அதை வச்சே அவ எங்க ஒளிஞ்சிருக்கான்னு மங்கை கண்டுபிடிச்சு சுட்டுப்புட்டா. சித்திரைத் திருவிழாவுல பலூன் சுடுறப்பவே அவ கெட்டி. ஜமீலா மட்டும் பாக்கி. அவ எங்கயோ மரத்தடியில போயி உக்காந்துட்டா போல, ஆளையே காணோம்.

நாங்க ரெண்டு பேரும் ஒரு டிரம்முக்குப் பின்னாடி உக்காந்தோம். கொஞ்சூண்டு நிழல். ரெண்டு பேரு தோளும் ஒட்டிக்கிட்டு. எனக்கு மனசு குளுந்து கெடக்கு. இந்த நேரத்துல இவளுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுவோம்னு, 'மங்கை, திண்டுக்கல்லுக்காரங்க போனாப் போறாங்கடி, நம்ம பொண்ணுகிட்ட என்ன குறை? அவங்க விசாரிக்க வந்தப்பகூட நான் அவளை எப்படித் தூக்கி வச்சுப் பேசுனேன் தெரியுமா?'ன்னேன்.

'உன்கிட்ட வந்தாங்களா?'ன்னா. 'எப்ப?'

'பூ வைக்கிறதுக்கு முந்தின வாரம். மாப்பிள்ளையோட சித்தி. தண்ணி வேணும்னு வந்தாங்க.'

'என்ன சொன்ன?'

இப்ப உங்ககிட்டச் சொன்னேன்ல, அதே மாதிரி, ஒண்ணு விடாமச் சொன்னேன். அனுப்பானடி வீடு, காய்ச்சலு, சாவி, நான் ஓடுனது, டாக்டரம்மா சொன்னது. 'இந்த அளவுக்கு உசுரா வளத்த பொண்ணுங்க'ன்னு சொன்னேன், அந்தம்மா வாயடைச்சுப் போயிட்டாங்கடின்னேன். முகமூடியில மங்கை மூஞ்சி தெரியல, கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு கெடக்கு. தோள் மட்டும் குலுங்குது. நன்றியில அழுகுறா போலன்னு நினைச்சேன். 'அட அழுகாதடி, நான் செய்யாம யாரு செய்வா'ன்னு முதுகத் தடவிக் குடுத்தேன்.

எந்திரிச்சா. ரெண்டடி பின்னால போனா. சுட்டா.

முதல் குண்டு இங்க, நெஞ்சு எலும்புல. கை தவறிருச்சுன்னு நினைச்சேன். அடுத்தது தோள்ல. அடுத்தது வயித்துல. 'ஏய்! நான் உன் டீமுடி! நீலப் பட்டிடி! மங்கை, நான் உன் டீமுடி!'ன்னு கத்துறேன். சரண்டர், சரண்டர்ங்கிறேன். கையத் தூக்கிட்டேன். நிறுத்தலைங்க. ஸ்டெல்லாவும் சத்தங்கேட்டு வந்த ஜமீலாவும் அங்கிட்டு நின்னு, ஏதோ விளையாட்டுன்னு கைதட்டிச் சிரிக்கிறாங்க. குண்டெல்லாம் தீந்தப்புறமும் அமுக்கிக்கிட்டே நிக்கிறா, வெறுங்காத்து டிக்கு டிக்குங்குது. அப்புறம் முகமூடியக் கழட்டி வீசுனா. அந்தத் தம்பி விசிலு ஊதுறாரு, 'மேடம் போடுங்க, போடுங்க'ன்னு. அவ மூஞ்சி பூராத் தண்ணி. வேர்வைதான்.

ஒரு வார்த்தை சொன்னா. 'அன்னைக்கு நீ அவளைத் தூக்கிட்டு ஓடாமலே இருந்திருக்கலாம் விசாலம்.'

அம்புட்டுதான். வேன்ல போயி உக்காந்துட்டா. திரும்புற வழியில ஜிகர்தண்டா குடிக்கலாம்னு பேச்சு. வண்டி நிக்கவே இல்ல.

இது என்ன வார்த்தைங்க? நீங்களே சொல்லுங்க. பெத்தவ வாயில வர்ற வார்த்தையா? பிள்ளை செத்தே போயிருக்கட்டும்னா? நான் அவளுக்கு என்னங்க கெடுதல் செஞ்சேன்? காலையில வேன்ல அவ கொண்டாந்த புளியோதரையில உப்பு கூடன்னு சொன்னேன். அதுக்கா? வெயில்ல மூளை கலங்கிருச்சோ? இல்ல, பொண்ணு கை நெறையச் சம்பளம் வாங்குறா, இனிமே விசாலம் எதுக்குன்னு நினைச்சுட்டாளா? எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அழுதேன். தேங்காய் எண்ணெய எடுத்துக் காயத்துல தடவிக்கிட்டே, 'நுணலும் தன் வாயால் கெடும்'னாரு. மங்கை அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு அவருக்கும் கோவம் போல.

காயமெல்லாம் கந்திப்போயி, நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைஞ்சிருச்சுங்க. மறையறப்ப எனக்கு வருத்தமா இருந்துச்சு. அமுக்கிப் பாப்பேன், வலிக்குதான்னு. அவகிட்டருந்து எனக்கு மிஞ்சுனது அதுதானே. சொன்னாச் சிரிப்பீங்க.

எதிர் வீட்டுல மிக்ஸி ஓடுனா எனக்குக் கேக்கும். அவ இருமுறது கேக்கும். நான் கதவைத் தெறக்குற சத்தம் கேட்டா, அவ தெறந்த கதவைச் சாத்துவா. யாமினி மட்டும் லிஃப்ட்ல பாத்தா, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பா. பெரியம்மாங்கிறதை விட்டுட்டா. வெறும் 'சாப்பிட்டீங்களா'. அதைக் கேக்குறதுக்குன்னே நான் அவ ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துக்குக் கீழ போயி நிக்கிறேன். கேவலமாத்தான் இருக்கு. என்ன செய்ய? நெஞ்சு கேக்கலையே. இன்னைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்கன்னுகூட ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தூக்கி வளத்த பிள்ளை. அவளுக்குப் பூ வச்சு விடக்கூட என்னைக் கூப்பிடல. காலையிலருந்து நெய் வாசம் வருது, நான் இங்க ஒரு வாய் சோறு திங்காம உக்காந்திருக்கேன்.

அதான் உங்களைப் பாத்ததும் சாமியே வந்த மாதிரி இருந்துச்சு. இந்தச் சம்பந்தம் முடியணும். என் வார்த்தையால முடிஞ்சுச்சுன்னு அவளுக்குத் தெரியணும். அப்ப வந்து பேசத்தானே செய்யணும்? இருங்க, ஒரு நிமிசம், உள்ள போயி ஒண்ணு எடுத்துட்டு வர்றேன். நீங்களே பாக்கணும் அதை.

...

இந்தாங்க, இதுதான். அந்த பீரோவ எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டாச்சு. சாவிய மட்டும் சாமி அலமாரியில வச்சிருக்கேன். பாருங்க, வளைஞ்சிருக்குல்ல? பிள்ளை புடிச்ச புடியில வளைஞ்சது. அம்புட்டு வேகமா இழுத்துச்சு.

அட, என்ன எந்திரிச்சுட்டீங்க? காபி அப்படியே இருக்கே. யாருக்குப் போன் பண்றீங்க, கார்ல வர்றவங்களுக்கா? இங்க சிக்னல் சரியா கெடைக்காது, வராண்டாவுல நின்னு பேசுங்க. வர்றேன், நானும் வாசல் வரைக்கும் வர்றேன். மறந்துறாதீங்க, விசாலம் சொன்னான்னு சொல்லணும்.

அங்க இல்லைங்க. அது லிஃப்ட். அவங்க வீடு இந்தப் பக்கம். எதிர்க் கதவு. கோலம் போட்டிருக்கு பாருங்க, செம்மண் கரை கட்டி. உங்களுக்காகத்தான் போட்டிருக்கா. ஏங்க! கீழ எதுக்குப் போறீங்க? காரைத் திருப்பச் சொல்றீங்களா? ஏங்க!

மங்கை?

பட்டுச் சேலையெல்லாம் கட்டிருக்க. நல்லா இருக்குடி. அவங்களா? அவங்க சும்மா தண்ணி குடிக்க வந்தாங்க. நல்லதாத்தான்டி சொன்னேன். சத்தியமா நல்லதாத்தான் சொன்னேன். ஒரு வருசம் கழிச்சு என் மூஞ்சியப் பாக்குற, ஏதாவது பேசுடி. நான் உன் டீமுடி. ஏன் என் கையவே பாக்குற? ஒண்ணுமில்ல.

சாவிதான்டி. அதே சாவிதான்.